தொண்ணூற்று மூன்று டிகிரி

நீடாமங்கலம் கொள்முதல் நிலையத்துக்கு எதிர்மாடி.
லேப்டாப்புக்கு அடியில் நாலு சோடா மூடி,
பக்கவாட்டில் மேசை விசிறி.
திரையில் ஒரு கல்யாண மண்டபம்
புள்ளிபுள்ளியாய் வெளிச்சம் கூடி வருகிறது.
தொண்ணூற்று மூன்று டிகிரி.
காலையில்தான் ஊக்கால் நோண்டி எடுத்தேன்
காற்றுத்துளையிலிருந்து ஒரு சிட்டிகை நெல்சுணை.

கீழே தார்ப்பாய்க்குள் நெல்.
ஈரப்பதம் இருபத்திரண்டாம்;
பதினேழுக்கு மேல் எடைபோட மாட்டார்கள்.
மூணு நாளாய் மூடிய வானம்,
எனக்கு அதுதான் தோது.
வாய்விட்டுச் சொல்லவில்லை.

போனுக்குச் சார்ஜ் போட வந்த வைரக்கண்ணு
சூடு கக்கும் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தார்.
"இவ்வளவும் சும்மாவா போவுது?"
மடியவிழ்த்து ஒரு பிடி நெல்லை
அதன்முன் பரப்பினார்.
"எத்தினி நேரம் ஓடும்?"
"நாலு மணி நேரம்."

சூடு கலையாமலிருக்க
விசிறியை அந்தப்பக்கம் திருப்பினேன்.
தொண்ணூற்றாறு.