குத்தூசி

பதினொன்றாம் வகுப்பில்
சனிக்கிழமை மட்டும் நான் கல்லூரி மாணவி.
புதுவயலில் ஏழு பத்துக்கு ஏறினால்
கண்டனூர் தாண்டி, கோட்டையூரில் கூட்டம் நெருக்கி,
காரைக்குடியில் இறங்கும்போது
இரட்டைப் பின்னலில் ஒரு ரிப்பன் காணாமல் போயிருக்கும்.

புள்ளியியல், முதல் தாள், நான்கு கிரெடிட்.
பள்ளியில் இருக்கும்போதே முடித்துவிட்டால்
பிறகு சீட் கேட்கையில் எடை கூடும் என்று
காலைக் கூட்டத்தில் மைக் வைத்துச் சொன்னார்கள்.
எடை என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.
அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை.

கடைசி பெஞ்சில் சீருடையோடு நான் ஒருத்திதான்.
எனக்கு அங்கே பெயர், பிளஸ் ஒன்.
வருகைப் பதிவேட்டில்
அச்சடித்த அறுபத்திரண்டு பெயர்களுக்கு அடியில்
பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
அடைக்கலமேரி, அடைப்புக்குறிக்குள் வ.
வ என்றால் வருகையாளர்.
ஒரு வருடம் முழுக்க வந்தேன்,
அந்த வ போகவில்லை.

தேர்வு பூசத்துக்கு முந்தின வாரம்.
பழனிக்கு நடக்கிறவர்கள் சாலை நிறைய.
காவடிக்குப் பின்னால் பஸ்ஸும் நடந்தது.
நாற்பது நிமிடம் தாமதம்,
நாற்பத்தொன்று மதிப்பெண்.
பெயருக்குப் பென்சில் போதும் என்றவர்கள்
மதிப்பெண்ணை மையால் எழுதினார்கள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க்.
அதைச் சொல்லிக்கொண்டே இருக்க எனக்கும் ஆசைதான்.
ஆனால் சென்னைக் கல்லூரியின் விண்ணப்பத்தில்
பதினேழாவது கட்டம் கேட்டது:
இதற்கு முன் கல்லூரியில் பயின்றதுண்டா?
ஆம் எனில் சான்றுகளை இணைக்கவும்.
மறைத்தால் இடம் ரத்து.

சிகப்பி அந்தச் சனிக்கிழமைகளில் தூங்கினாள்.
இல்லை என்று ஒரு சொடுக்கு,
அடுத்த பக்கம் போய்விட்டாள்.
நான் இரண்டு நாள் அதே பக்கத்தில் இருந்தேன்.
இல்லை என்று சொடுக்கிப் பார்த்தேன்,
எவ்வளவு லேசாக இருந்தது.
பிறகு ஆம்.

நேர்காணலில் மூன்று பேர்.
நடுவில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
நாற்பத்தொன்றா என்றார்.
பஸ்ஸைச் சொல்லலாம், காவடியைச் சொல்லலாம்.
அதற்குள் அவரே,
சரி, அந்தத் தாளில் நினைவிருப்பது எது என்றார்.

மாதிரி எடுப்பது, என்றேன்.
எங்கள் ஊர் ஆலையில் லாரி வந்து நின்றதும்
மூட்டையில் குத்தூசி இறக்குவார்கள்.
அதன் குழிவில் ஒரு பிடி நெல் வரும்.
உள்ளங்கையில் ஊதி, நகத்தில் உரித்து, பல்லில் கடித்து
லோடு முழுக்க விலை பேசிவிடுவார்கள்.
நனைந்த மூட்டையில் குத்திவிட்டால்
காய்ந்த நூறு மூட்டையும் ஈரம்தான், சார்.
அதனால் பல இடத்தில் குத்த வேண்டும்.

யாரும் சிரிக்கவில்லை.
மின்விசிறி ஓடியது.
ஓரத்தில் இருந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார்கள்.

இடம் கிடைத்தது.
எதனால் என்று இன்றுவரை தெரியாது.
அலுவலகத்தில் அந்த நான்கு கிரெடிட்டை நீட்டினேன்.
பாடத்திட்டம் பொருந்தவில்லையாம்,
முதல் பருவத்தில் அதே தாளை மறுபடி எழுத வேண்டுமாம்.
வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கச் செல்லுபடியான தாள்
உள்ளே வந்ததும் செல்லாத தாள்.
கிழிந்த நோட்டை
எதற்கும் இருக்கட்டும் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி எழுதினேன். எண்பத்தெட்டு.
பதிவேட்டில் அச்சடித்த பெயர்.
இரண்டாவது முறை படிப்பது
இவ்வளவு சுகம் என்று தெரிந்திருந்தால்
முதல் முறை அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.
அல்லது அழுதிருப்பேன்.

நேற்று ஆலைக் கணக்குப்பிள்ளை மகள்
நாச்சம்மை போன் செய்தாள்.
பதினொன்றாம் வகுப்பு.
சனிக்கிழமை வகுப்பில் சேரட்டுமா அக்கா,
பின்னால் உதவுமா, உதைக்குமா?

சேர் என்று வாய் வந்தது.
வேண்டாம் என்றும் வந்தது.
பூசம் இந்த வருடம் எப்போது என்று
காலண்டரைப் பார்க்கச் சொன்னேன்.
அப்புறம் கேட்டேன்,
ஏழு பத்துக்கு முன்னால்
இப்போது ஏதாவது பஸ் விட்டிருக்கிறார்களா?