ஐம்பது டிகிரி

சூர் நகரில், ஏசி ரிப்பேர் கடையின் பின்னறை.
ஏசியை அணைத்தால்தான் பேஸ் கேட்கும்.
வியர்த்து வியர்த்தே எல்லாப் பாட்டும்.
பேண்டுக்குப் பெயர் அப்படி வந்ததுதான்.

டிரம்ஸ் ஜோமார். பேஸ் ஷினோஜ்.
கிட்டார் கில்பர்ட், பகலில் ஃபோர்க்லிஃப்ட்.
பாடியது நான்; குரல் சுமார், ஆத்திரம் நிஜம்.

ஏழு வருடம், ஒன்பது மேடை.
நான்கு, ஓணம் விழா:
சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.
மஸ்கட்டில் ஒரு ராத்திரி மட்டும்
முன்வரிசைப் பையன் ஒருவன்
அடுத்த வரியை எனக்கு முன்னே பாடினான்.
ஜோமாருக்குத் தாளம் தவறியது.
கில்பர்ட் ஆம்ப்பின் குமிழைத் திருகியே உடைத்தான்.

பிரிந்ததாக யாரும் அறிவிக்கவில்லை.
காண்ட்ராக்ட் முடிந்தது;
டிக்கெட் தேதிகள் வேறு வேறு.

ஆம்ப்பை வாங்கிய ஹமூத்
நேற்று வீடியோ அனுப்பினார்.
மீன் ஏலம். சுறா விலை கூவுகிறார்,
கரகரத்து, முழுச் சத்தத்தில்.
குறைக்க முடியாதாம்.