வண்டிக்குள் இருப்பவள்

சுழி பார்த்துப் பல் பார்த்து வாங்க
இது குதிரையில்லை.
சந்தையில் விற்றவன்
பானெட்டை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு
கையுறையைக் கழற்றாமலே பணத்தை எண்ணினான்.
பத்தொன்பது வயது வண்டி.
ஜப்பானில் யாரோ போதுமென்று விட்டது.

ஸ்டியரிங் வலப்பக்கம்.
மங்கோலியச் சாலைக்கு அது தப்பான பக்கம்.
முந்த வேண்டுமானால்
பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து
போ என்று சொல்ல வேண்டும்.
ஆள் இல்லாத நாளில்
லாரியின் புழுதியைத் தின்றுகொண்டு
பின்னாலேயே போவேன்.

கதவுப் பையில் ஒரு மடக்குக் குடை,
மழை பார்த்து எத்தனை வருஷமோ.
பொத்தானை அழுத்தியதும்
ஒரு பெண் பேசுவாள்.
ஜப்பானிய மொழியில் ஒரே வாக்கியம்,
அத்தனை மரியாதை.
பார்த்துப் போய் வா என்கிறாள் என்று
முதல் குளிர்காலம் முழுக்க நினைத்துக்கொண்டேன்.
சரி அக்கா, என்பேன்
மைனஸ் முப்பத்தாறில்,
வேறு யாரும் வாய் திறக்காத காலையில்.

திரையில் எப்போதும் நீலம்.
வண்டிக்குத் தெரிந்த வரைபடம்
ஜப்பானோடு முடிந்துபோகிறது,
மிச்ச உலகமெல்லாம் அதற்குக் கடல்.
கடலே இல்லாத நாட்டில்
தலைநகரிலிருந்து அர்வைஹேர் வரை
நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்
ஒரு சின்ன அம்பாகத் தண்ணீர் மேல் போய்வந்தேன்.
டிக்கியில் மூன்று மூட்டை மாவு,
யாருடையதோ ஒரு தையல் மெஷின்.

மார்ச்சில் சிவப்பு முக்கோணம் எரிந்தது.

செவெக்மித் பின்சீட்டைக் கழற்றி
பேட்டரியை வெளியே இழுத்தான்.
இருபத்தெட்டுக் கட்டைகள்,
அலமாரியில் புத்தகம்போல் நெருக்கியடித்து.
ஒவ்வொன்றிலும் ஹெட்லைட் பல்பை மாட்டி
எத்தனை நேரம் எரிகிறதென்று
பிஸ்கட் பெட்டியின் அட்டையில் குறித்தான்.
மூன்று செத்துவிட்டன, ஹோர்லோ.
நாலாவது பொய் சொல்கிறது.
காற்று விசிறியைத் திறந்தபோது
ஒரு தலையணை அளவுக்கு ஆட்டு மயிர்.
என்னையே பார்த்தான்.
போன வசந்தத்தில்
காஷ்மீர் மூட்டை ஏற்றியது நான்தான்.

பாலத்தில் மோதிய வெள்ளை வண்டியிலிருந்து
நாலு கட்டை உருவினான்.
அதில் இருந்தவர்கள் பிழைத்தார்களா?
பேட்டரி பிழைத்தது, என்றான்.
செம்புத் தகடுகளை வினிகரில் ஊறப்போட்டு
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தான்.
ஒரு நட்டு குறைந்தது.
துணி துவைக்கும் மெஷினில் ஒன்று கிடைத்தது,
அரை மில்லி பெரிசு,
தகரத்தைச் சுற்றி முறுக்கினான்.

இந்தப் பொம்பளையின் வாயை அடைக்கட்டுமா?
ஒரே ஒரு ஒயர்தான்.
வேண்டாம்.
ஏன்?
பேட்டரிக்கு எவ்வளவு ஆச்சு, சொல்.

ஜூனில் வழியில் ஏறிய பையன்
நாலு வருஷம் சப்போரோவில்
மீன் ஆலையில் வேலை பார்த்தவன்.
பொத்தானை அழுத்தினேன். பேசினாள்.
சரி அக்கா, என்றேன்.
அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பினான்.
என்னடா?
சுங்க அட்டை செருகப்படவில்லையாம்.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான். ஆனால் ரொம்பப் பணிவாகச் சொல்கிறாள்.

அறுபது கிலோமீட்டர் நான் எதுவும் பேசவில்லை.
சுங்கச் சாவடி வந்தது.
என் ஜன்னல் பக்கம் வெறும் புல்வெளி.
அவன்தான் கையை நீட்டிக் காசு கொடுத்து
ரசீது வாங்கி
குடை இருந்த பையில் செருகினான்.

நேற்று முதல் பனி.
எஞ்சின் மேல் கம்பளியைப் போர்த்தி
ஓரத்தைக் கயிற்றால் கட்டியிருந்தேன்.
காலையில் அவிழ்த்து மடித்துவைத்துவிட்டு
பொத்தானை அழுத்தினேன்.
அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

இன்றைக்கும் இல்லை அக்கா, என்றேன்,
முக்கோணம் எரிகிறதா என்று
பார்த்துக்கொண்டே.