பதினான்கு மீற்றர் இருபது

விடிய ஐந்து மணிக்கு
உட்துறைமுக வீதியில் எனக்குப் போட்டி
மான்கள் மட்டும்.
பஸ் நிலையக் குப்பையில் இராச்சாப்பாடு முடித்து
நடுத்தெருவில் அசைபோடும் ரவுண் மான்கள்.
ஹோர்ன் அடித்தாலும் எழும்பாதவை.
நான்தான் வளைந்து போகிறேன்.

மூன்று சக்கரம். முன்சக்கரம்
இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும்.
மூதூரில் ஒட்டித் தந்தவர் மரியநேசன்;
"தங்கச்சி, பிறேக்கை நம்பாதேங்கோ" என்றும்
சொல்லித்தான் தந்தார்.
நம்புவதில்லை.
ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் உள்ளங்கைதான் பிறேக்.
கையுறை கருகும் மணத்தோடு
திருப்பத்தில் கடல் தெரியும்,
அலையில்லாமல், ஊற்றி வைத்த எண்ணெய் போல.

பத்து மணிக்கு வேறு போட்டி.
"அணுகல் வசதி உபகுழுக் கூட்டம்,
இரண்டாம் மாடி" என்கிறது கடிதம்.
லிஃப்ட் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை.
படி முப்பத்தாறு. றிஸ்மியா ஏறி இறங்கிச் சொன்னாள்.
வெள்ளைக் கோலால் எண்ணுகிறவள், பிழைக்காது.

காவலாளிகள் இருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.
நல்ல மனுசர்.
"தூக்கிக்கொண்டு போறம் மிஸ்."
மூட்டையைப் போலத் தூக்கமாட்டார்கள், தெரியும்.
சாமியைப் போலத் தூக்குவார்கள்.
சாமிக்கும்
நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

"வேண்டாம். அவையளை இறங்கி வரச் சொல்லுங்கோ."

வாகை மரத்தின் கீழ் அரை மணித்தியாலம்.
ஜன்னலில் ஒரு தலை. பிறகு மூன்று.
பிறகு சப்பாத்துச் சத்தம்,
கமக்கட்டில் கோப்போடு உதவிப் பணிப்பாளர்,
மூச்சு வாங்க,
"எனக்கும் முழங்கால் வருத்தம், இந்தப் படி..."
"எங்கட சங்கத்தில சேருங்கோ, சேர்" என்றாள் றிஸ்மியா.

கதிரைகளுக்கு ஆள் ஓடியது.
கையோடு கதிரை கொண்டுவந்தவள் நான் ஒருத்திதான்.

மூன்றாவது விடயம் பேசும்போது
மான் ஒன்று வந்து
பின்னிணைப்பு 'ஆ'வைத் தின்னத் தொடங்கியது:
எட்டு வருடத்துப் 'பரிசீலனையில் உள்ளது'.
ஒருவரும் விரட்டவில்லை.
அந்தத் தாள்களை ஓர் உயிர்
முழுதாக உள்வாங்கியது அன்றைக்குத்தான்.

பின்னேரம் மைதானம்.
இரும்பு இருக்கையைக் கயிற்றால் நிலத்தோடு கட்டி
என்னை வாரால் இருக்கையோடு கட்டி
கட்டாமல் விட்டது வலது கை ஒன்றைத்தான்.
தோள்மூட்டு இராத்திரி என்னோடு சண்டை பிடிக்கும்.
பிடிக்கட்டும். எறிந்தேன்.

வேலியோரம் ஒரு நிருபர்ப் பொடியன்.
"எப்பிடி அக்கா நடந்தது?"
அவன் கண் என் பாவாடை விளிம்பில்.
ஷெல்லா, மிதிவெடியா, பஸ்ஸா, சின்ன வயதுக் காய்ச்சலா,
எதுவென்றாலும் தலைப்பு ஒன்று வைத்திருப்பான்.

"பதினான்கு மீற்றர் இருபது" என்றேன்.
"என்ன?"
"இப்ப எறிஞ்ச தூரம். போன மாதம் பதின்மூன்று எண்பது.
எப்பிடி நடந்ததெண்டு இதைக் கேளும்."

பேனை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
பிறகு, கூச்சத்தோடு,
"ஈட்டி எவ்வளவு பாரம் அக்கா?"
கையில் கொடுத்தேன். அறுநூறு கிராம்.
பிடிக்கத் தெரியாமல் குடை போலப் பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்தது:
'தன்னம்பிக்கைத் தாரகை.'
படத்தில் முகத்தைவிடச் சக்கரம் பெரிது.
எறிந்த தூரம் நான்கு மீற்றர் இருபது.

காரியாலயத்துக்கு எடுத்தேன்.
"தாரகை உங்களிட்டயே இருக்கட்டும்,
என்ர பத்து மீற்றரைத் தாங்கோ."

வியாழன் ஏழாம் பக்கம்,
காணாமற்போன அடையாள அட்டை இரண்டுக்கு நடுவில்
தீப்பெட்டி அளவில் ஒரு திருத்தம்.
அடியில் ஒரு சொல்: வருந்துகிறோம்.

வெட்டி, அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.
நடந்தவற்றில் வேறு எதற்கும்
இதுவரை ஒருவரும்
எழுத்தில் தந்ததில்லை.