வாய்வழி மருந்து

பின்பக்கம் திறக்காது.
வாய்வழியாகத்தான் மருந்து,
வாய்வழியாகத்தான் குண்டு.
கட்டைவிரல் தாராளமாய் நுழையும் வாய்,
உள்ளே வரிப்பள்ளம் ஏதுமில்லாத வழவழப்புக் குழல்,
அப்படி ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் எனக்கு.

"வரி இல்லாத குழலா?
எங்கே போகிறோமென்று குண்டுக்கே தெரியாதே"
என்றான் ஊர்ஹோ.
தெரிந்து போகிற எத்தனை பேரை
இந்த ஊரில் பார்த்துவிட்டோம் என்றேன்.

விஸ்கான்சினில் ஒருவர் செய்து தருகிறார்.
ஆயிரத்து நூறு டாலர், மூன்று வருஷக் காத்திருப்பு.
நான் மிச்சிகனின் வடமுனையில்
கவுண்டிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
ஆயிரத்து நூறில் என் கூரைக்குத் தகரம் வரும்,
கடைவாய்ப் பல்லுக்குக் கிரீடம் வரும்.
போனை வைத்துவிட்டேன்.

குழல் அயோவாவிலிருந்து வந்தது.
வெளிப்பக்கம் ஒரு கீறல், அதனால் பாதி விலை.
முகத்தில் தழும்பு இருந்தால்
தொண்டை கெட்டுவிடுமா என்ன?
நூற்றுப் பத்து.

மரம் நானே இடித்தது.
ஜனவரி, அதிகாலை நாலு மணி, கண் தெரியாத பனி,
கோர்ப்பி வீட்டு ஆப்பிள் மரத்தை
என் லாரியின் அலகு அடியோடு சாய்த்துவிட்டது.
நஷ்டஈடு நாற்பது டாலர் கேட்டார்கள்.
கொடுத்தேன். கொடுத்தபின் மரம் யாருடையது?
அறுத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

மிச்சம் பொறி.
நான் இடக்கைக்காரி.
உலகத்துப் பொறியெல்லாம் வலப்பக்கம்,
சக்கிமுக்கிக் கல் கடித்துத் துப்பும் தீ
என் இமைமுடியைத் தேடி வரும்.

ஆர்வோ ரன்டனன் செத்து ஒரு மாதம் கழித்து
லெம்பி அவர் பட்டறையைக் காலி செய்தாள்.
பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணிக்குள்,
இடக்கைப் பொறி ஒன்று, புத்தம் புதிது.
ஆர்வோவோ வலக்கைக்காரர்.
கையில் ஏந்தியபடி நின்றேன்.
யாருக்காக வாங்கி வைத்தார்?
வராமல் போன மகனா?
லெம்பிக்குத் தெரியாத ஒருத்தியா?
அந்த ஐந்து நிமிஷத்தில்
ஒரு கிழவரின் வாழ்க்கை முழுவதையும்
இடப்பக்கமாகத் திருப்பி எழுதிவிட்டேன்.
தொண்டை அடைக்க மெதுவாகக் கேட்டேன்.

லெம்பி சிரித்த சிரிப்பில்
அலமாரியின் ஆணிகள் அதிர்ந்தன.
"கண்ணாடி போடாமல் ஆர்டர் பண்ணினான் மடையன்.
திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள்.
பதினோரு வருஷம் தினமும் அதைத் திட்டினான்.
முப்பத்தைந்து கொடு, கொண்டுபோ."

விசைக்குக் காப்பு பழைய கதவின் பித்தளைத் தகடு.
திருகாணிக்கு ஆறு டாலர்.
ஆக மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றொன்று,
ஒரு குளிர்காலம்,
அரத்தில் போன இரண்டு நகம்.
அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.
கைப்பிடி கொஞ்சம் பருத்து,
சாப்பிட்டுப் படுத்த நாய்க்குட்டி மாதிரி இருக்கும்.

மார்ச் முதல் ஞாயிறு
உறைந்த ஏரிமேல் சங்கத்தார் கூடினார்கள்.
பதினைந்தடி தள்ளி ஒரு காபி டப்பா.
அளந்து மருந்து, துணி சுற்றிய குண்டு,
கோலால் கிட்டித்து,
இடக்கையை நீட்டினேன்.

முதலில் சிக்கென்று ஒரு கடி.
பிறகு, வருமா வராதா என்று
மனசு ஒரு கேள்வி கேட்டு முடிக்கிற நேரம்.
பிறகு வந்தது.
தோள்வரை கை மேலே போயிற்று,
வெள்ளைப் புகை என்னை முழுசாக மூடிற்று,
அழுகின முட்டை நாற்றம்.
குண்டு பனிக்கட்டியைத் தொட்டு எகிறித் தொட்டு எகிறி
ஏரி நெடுகக் கீச்சிட்டுக்கொண்டே போனது,
எதிர்க்கரைவரை கேட்டது.

புகை விலகியபோது
டப்பா அங்கேயே இருந்தது,
மூடிகூட அசையவில்லை.

ஊர்ஹோ தாடையைத் தடவினான்.
"எதைக் குறிவைத்தாய் இர்யா?"
"ஏரியை."
"சரி, அப்படியானால் பட்டுவிட்டது."

குழல் ஆறட்டும் என்று காத்திருந்து,
வாயைத் துடைத்து,
மறுபடி மருந்து கொடுத்தேன்.