சுவரில் ஆணி கூடாது

அறை தந்த அன்றே மெற்றில்டா அக்கா சொல்லிவிட்டார்:
வாடகை அஞ்சாம் திகதி.
கிணத்தடியில சவர்க்காரம் விடக்கூடாது.
சுவரில ஒரு ஆணியும் அடிக்கக்கூடாது.

பகலில் ஆய்வுகூடத்தில்
காய்ச்சல்காரரின் குருதிச் சிறுதட்டுகளை எண்ணுகிறேன்.
இரவில் குருநகர் நுளம்புகள்
என்னை எண்ணுகின்றன.
கார்த்திகை மாதம், ஒழுங்கையெல்லாம் தண்ணீர்.
வலை இருக்கிறது, நீலம், இரட்டைக் கட்டில் அளவு.
தொங்கவிடத்தான் ஓரிடமில்லை.

ஆகவே
தன் காலில் தானே நிற்கும் ஒரு சட்டம்.
நான்கு கால், மேலே நான்கு குறுக்கு.
கடதாசியில் ஐந்து நிமிட வேலை.

மரக்காலையில் வேம்பு கிடைத்தது,
இரண்டுக்கு இரண்டு, எட்டுத் துண்டு,
ஒன்றில் இன்னும் பட்டை.
கசக்கிற மரத்தைப் பூச்சி தொடாது என்றார் காலைக்காரர்.
நுளம்பும் பூச்சிதானே என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஸ்ரான்லி வீதிக் கடை.
நிலுக்சன் ஒவ்வொன்றாய் மேசையில் கொட்டினான்.
இரும்பாணி: கடற்காற்றில் ஒரு மாரி தாங்காது,
கறள் அழுது மரத்தில் கறுப்பாய் இறங்கும்.
பித்தளைத் திருகாணி வடிவுதான்,
வேம்பின் வயிரத்தில் கழுத்து முறியும்.
மூலைத்தகடு எல்லா மூலைக்கும் வரும்,
அதனாலேயே எந்த மூலைக்கும் பொருந்தாது.
நாகம் பூசிய போல்ட்.
விலை கேட்டுக் கீழே வைத்தேன்.
பிறகு எடுத்தேன்.

"கழுந்து செதுக்கிப் பசை வைச்சு இறுக்குங்கோ மிஸ்,
நூறு வருசம் அசையாது."

ஏழு ஆண்டில் இது எனக்கு ஐந்தாவது அறை.
மன்னாரில் ஒரு மேசை,
கிளிநொச்சியில் ஓர் அலுமாரி,
இரண்டும் இறுக ஒட்டியவை,
இரண்டும் கதவால் வெளியே வர மறுத்தவை.

வண்ணாத்திச் சுரை இருக்குதா என்று கேட்டேன்.
இருந்தது.
இரண்டு செட்டையும் விரித்தபடி,
சாவி கேளாமல் விரலுக்கே திறப்பது.
எட்டு வாங்கினேன்.

உளி இல்லை. வாளால் ஐந்தாறு கீறல் போட்டு,
திருகாணிச் சாவியால் தட்டித் தட்டி,
காலில் அரை அங்குலம் குடைந்தேன்.
குறுக்கு அதில் உட்காரும்.
சுமப்பது குடைவு; போல்ட் பிடித்திருந்தால் போதும்.
ஒரே காலில் இரண்டு போல்ட் மோதும் என்பது
முதல் காலைப் பழுதாக்கிய பின்தான் விளங்கியது.
ஒன்று மேலே, ஒன்று கீழே.

நிமிர்த்தினேன். நின்றது.
விடியப் பார்த்தால்
செவ்வகம் இணைகரமாகியிருந்தது.
எட்டு மூட்டையும் தடவித் தடவிக் குற்றம் தேடினேன்,
எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.
மிஞ்சிய சலாகை ஒன்றைக்
காலிலிருந்து குறுக்குக்குச் சரிவாய் வைத்தேன்.
காசு கொடுத்து வாங்காத அந்தத் துண்டுதான்
எல்லாவற்றையும் நிறுத்தியது.

போல்ட் அரை அங்குலம் நீளம் கூடிப்போயிற்று.
வலையில் கிழிசல், என் முழங்கையில் கீறல்.
இப்போது முனைகளில்
இரத்தக் குழாய்களின் ஊதா மூடிகள்
(பாவிக்காதவைதான்).

ஞாயிறு பூசை முடிந்து வந்த மெற்றில்டா அக்கா
முதலில் சுவர்களைப் பார்த்தார், நான்கையும்.
பிறகு ஒரு சுரையைத் திருகினார்,
கழன்று உள்ளங்கைக்கு வந்தது,
திரும்பவும் பூட்டினார்.

"எனக்கும் ஒண்டு செய்து தா பிள்ளை.
இந்தச் செட்டைச் சாமானெல்லாம் வேண்டாம்.
ஒட்டி அடிச்சுவிடு.
நான் எங்கையும் போறேல்ல."

இன்று மதியச் சாப்பாட்டு நேரம்
மறுபடி ஸ்ரான்லி வீதி.
நிலுக்சன்,
அரை அங்குல உளி
என்ன விலை?