கசிவு

நாற்பத்தோரு வருடம் ஆர்விட்டின் பில்களை எழுதியவள் நான்.
முழங்கை இணைப்பு இரண்டு, செப்புக்குழாய் ஒன்பது அடி,
பனியில் புதைந்த வேனைத் தோண்டி எடுத்த நேரத்துக்கு
ஒன்றுமில்லை.
ஒவ்வொரு பில்லின் அடியிலும் ரப்பர் முத்திரை:
நாங்கள் போட்ட இணைப்பு கசிந்தால்
திரும்பி வருவோம். காசு வேண்டாம்.

நவம்பரில் அவர் உணவுக்குழாயை வெட்டியெடுத்து
இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள்.
எப்படி என்று படம் போட்டுக் காட்டச் சொன்னார்.
டாக்டர் கையுறைப் பெட்டியின் மூடியில் வரைந்தார்.
ஆர்விட் தலையைச் சாய்த்துப் பார்த்தார்:
"நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்."

புற்று முழுதும் வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தம் என்றார்கள்.
ஆறாம் நாள் காய்ச்சல்.
ஏழாம் நாள் அவர் எச்சில்
அவர் நெஞ்சுக்குள்ளேயே வடிந்துகொண்டிருந்தது.

டிசம்பர் இருபத்தெட்டில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஜனவரி இரண்டாம் தேதி விடியற்காலை
மறுபடி சீழ், மறுபடி ஆம்புலன்ஸ்.
இடையில் காப்பீட்டின் ஆண்டு புரண்டிருந்தது.
போன வருடம் நாங்கள் கட்டி முடித்த ஒன்பதாயிரமும்
பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கியது.
மூன்று நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா
என்று காய்ச்சலிடம் கேட்டேன்,
துலூத் நகரத்து நெடுஞ்சாலையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

வயிற்றில் துளையிட்டு ஊற்றும் பாலுக்குக் காப்பீடு இல்லை.
அது உணவாம்.

கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசினேன்.
அதே இணைப்புத்தானே, என்றேன்.
ப்ரியான் என்ற அந்தப் பெண்ணின் குரலில் சளி;
அவளும் தூங்கியிருக்கவில்லை.
"அது வேறு நிகழ்வு, மேடம். வேறு எண்."
தவணைக்குப் போட்டுத் தருகிறேன் என்றாள்.
போட்டும் தந்தாள். எழுபத்திரண்டு மாதம்.

வேனை வாங்க வந்த பையன்
பக்கவாட்டில் இருந்த எங்கள் பெயரை
ஹேர் டிரையரால் சூடேற்றி உரித்தான்.
"ஹால்வர்" வந்துவிட்டது. "சன்" வரவில்லை.
அப்படியே ஓட்டிப் போனான்.

மார்ச்சில் திருமதி ஜெலாஸ்னி அழைத்தாள்.
அவள் நிலவறையில், ஆர்விட் போட்ட இணைப்பு,
பதினாறு வருடம் கழித்து, சொட்டுகிறது.
வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்றேன்.
அதற்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

என் காரில் போனோம், குறடு என் மடியில்.
சட்டைக்குள் வயிற்றுக் குழாயை டேப் போட்டு ஒட்டியிருந்தார்.
படியில் இரண்டு முறை நின்றார்.
விளக்கை நான் பிடித்தேன்.
இருபது நிமிட வேலை, ஒன்றேகால் மணி நேரம்.

மேலே சமையலறையில் பில் எழுதினேன்.
தொகைக்கு நேரே கோடு இழுத்தேன்;
பேனா தாளைக் கிழித்துவிட்டது.

திருமதி ஜெலாஸ்னி காப்பி வைத்தாள்.
வேண்டாம் என்று நான் சொல்லுமுன்
ஒரு வாய் எடுத்தார், சின்னதாக,
கோப்பையை வைத்தார்.
புது இணைப்பில் தண்ணீரைத் திறந்துவிட்டு
எப்போதும் நிற்பது போல
அசையாமல்.

நாங்கள் மூவரும்
காது கொடுத்துக் கொண்டிருந்தோம்.